ஜாமீன் கையெழுத்தும் ஒரு டீக்கடை மௌனமும்

பாம்பன் தெற்குவாடியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். 2016 ஆவணி மாதம். கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்ததால் பெரியப்பா டீ கிளாஸைத் துண்டால் மூடிப் பிடித்திருந்தார். கேட்க வந்ததை நேராகவே கேட்டார்.

"உன் மாமன் மகன் படகு வாங்கறதுக்கு என்னைய ஜாமீன் போடச் சொல்றான். ஆளு எப்படிப்பா? உன்னை நம்பித்தான் கேக்குறேன்."

"நல்ல உழைப்பாளி பெரியப்பா. ஒருநாள் கடலுக்குப் போகாம இருக்க மாட்டான். கட்டிருவான்."

"வேற கடன் கிடன் எதுவும் கிடக்கா?"

நான் வாய் திறக்கவில்லை. சர்க்கரை கரைந்து முடிந்த டீயைக் கரண்டியால் மறுபடி கலக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் சொன்னார்: "நீ ஒண்ணும் சொல்லல. அப்ப ஒண்ணும் இல்லைன்னு எடுத்துக்கறேன்."

தலையைக்கூட நான் ஆட்டவில்லை. மறுநாள் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

எனக்குத் தெரிந்த கடன்கள் இரண்டு. ஒன்று, எனக்கே வரவேண்டியது. வலையும் நூலும் இன்ஜின் உதிரிபாகமும் விற்கிற கடை என்னுடையது. மச்சான் என் கடை நோட்டில் 38,000 ரூபாய் பாக்கி வைத்து எட்டு மாதம் ஓடியிருந்தது. இன்னொன்று, நண்டு கம்பெனியில் அவன் வாங்கியிருந்த 1,20,000 ரூபாய் அட்வான்ஸ். கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

வலை வாங்க, படகைப் பழுது பார்க்க, வீட்டில் ஒரு கல்யாணம் காட்சி என்றால், மீனவர் போய் நிற்கிற முதல் இடம் வங்கி இல்லை. அவருடைய மீனையோ நண்டையோ வாங்குகிற வியாபாரிதான். அவர் பத்திரம் கேட்பதில்லை, வட்டி என்ற பேச்சையும் எடுப்பதில்லை. அட்வான்ஸ் இருக்கிறவரை பிடிப்பு முழுவதையும் அவரிடமே போட வேண்டும், அவ்வளவுதான். வெளியே என்ன விலை போகிறதோ அதிலிருந்து கிலோவுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு கொடுப்பார். மச்சானுக்குக் கிலோவுக்கு 40 ரூபாய் கழிவு. நாளைக்குச் சராசரியாக 8 கிலோ நண்டு என்று வைத்தால் 320 ரூபாய். மாதத்தில் 20 நாள் கடல் என்றால் 6,400. இப்படிக் கழிந்துகொண்டே இருந்தாலும் அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கழிவு வட்டிக்குச் சரி. அசல் அசலாகவே நிற்கும்.

பெரியப்பா ஜாமீன் போட்டது ஒரு நிதி நிறுவனம் கொடுத்த 1,80,000 ரூபாய்க் கடனுக்கு. ஒரு பைபர் வள்ளமும் பழைய இன்ஜினும் வாங்க. மாதத் தவணை 6,800, மொத்தம் 36 மாதம். மேலே போட்ட கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு தவணைக்குக் கிட்டத்தட்டச் சமமான தொகை மாதாமாதம் அவன் கைக்கு வருவதற்கு முன்பே போய்க்கொண்டிருந்தது. இது தெரிந்திருந்தால் பெரியப்பா பேனாவை எடுப்பதற்கு முன் ஒருமுறை யோசித்திருப்பார்.

இதைவிட எழுதக் கூசுகிற ஒன்றும் உண்டு. கடன் வந்த நான்காம் நாள் மச்சான் கடைக்கு வந்தான். ஐஸ் பெட்டிக்குள் விரிக்கிற பாலிதீன் கவரில் 500 ரூபாய் நோட்டுகள், ரப்பர் பேண்டு போட்டு. 20,000. கவரின் உட்புறத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. "இப்போதைக்கு இதை வச்சுக்க மச்சான்" என்றான். எண்ணினேன், நோட்டில் வரவு எழுதினேன், கல்லாவில் போட்டேன். அது படகு வாங்க வந்த பணம். பெரியப்பாவின் கையெழுத்தின் மேல் வந்த பணம். வரவு எழுதும்போது அது எனக்குத் தெரியாமல் இல்லை.

பத்தொன்பது தவணை கட்டினான். பிறகு ஒரு வாடைக் காலத்தில் வலை முழுவதும் அறுந்து போனது. புது வலைக்குக் கம்பெனியில் மேலும் அட்வான்ஸ் வாங்கினான், கழிவு ஏறியது, தவணை நின்றது. 2018-ல் பெரியப்பா வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதம் தவறாமல் பென்ஷன் வரும் என்பதால்தான் அந்த நிதி நிறுவனம் அவரை ஜாமீனுக்கு ஏற்றுக்கொண்டது. வாங்கினவன் அப்போது கேரளாவில், நீண்டகரைப் பக்கம் வேறொருவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். கொடுத்தவனுக்கு அவனைத் தேட வேண்டிய தேவையே வரவில்லை. பென்ஷன்காரர் வீட்டு விலாசம் ஃபைலில் இருந்தது.

"வாங்கினவனைக் கேக்காம என்னைய எப்படிக் கேக்கலாம்?" என்பதுதான் பெரியப்பாவின் முதல் கேள்வி. ஜாமீன் போட்ட எல்லோருமே இதைத்தான் முதலில் கேட்பார்கள். நோட்டீஸை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் போனோம். பொறுமையான மனிதர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்து 128-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. வாங்கியவரிடம் முதலில் வசூல் செய்து பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பீகார் வங்கி தொடுத்த ஒரு வழக்கில் 1969-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கியவர் கொடுக்காதபோது உடனே கை நீட்டத்தானே ஜாமீன், அதற்கும் காத்திரு என்றால் ஜாமீன் எதற்கு என்பது தீர்ப்பின் சாரம். கேட்கக் கசப்பாக இருந்தாலும் அதில் நியாயம் இருக்கிறது.

பெரியப்பா எழுந்து வெளியே போய் நின்றார். அப்போது வக்கீல் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "கடன் கொடுத்தவங்களுக்கு, அந்தப் பையனோட பழைய கடன் தெரியுமா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது 143-ஆம் பிரிவு. முக்கியமான ஒரு விஷயத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருந்து, அந்த மௌனத்தின் மூலம் கடன் கொடுத்தவர் ஒரு ஜாமீனைப் பெற்றிருந்தால் அந்த ஜாமீன் செல்லாது. ஒரே வாக்கியம். அதன் கீழே இரண்டு உதாரணங்கள். முதலாவது, வசூல் குமாஸ்தா ஒருவரைப் பற்றியது. வசூலித்த பணத்தில் கொஞ்சத்துக்குக் கணக்குக் காட்டாத குமாஸ்தாவிடம் முதலாளி ஜாமீன் கேட்கிறார். ஜாமீன் போட வந்தவரிடம் பழைய கோளாறைச் சொல்லவில்லை. குமாஸ்தா மறுபடியும் கையாடுகிறார். ஜாமீன் செல்லாது.

இரண்டாவதைப் படித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. ஒரு வியாபாரி இன்னொருவருக்கு 2,000 டன் இரும்பு அனுப்புகிறார். பணத்துக்கு மூன்றாவது ஆள் ஜாமீன். ஆனால் வாங்குபவரும் விற்பவரும் தங்களுக்குள் ரகசியமாக ஒன்று பேசிவைத்திருக்கிறார்கள்: டன்னுக்குச் சந்தை விலைக்கு மேல் 5 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அந்த 5 ரூபாய் ஒரு பழைய கடனுக்கு வரவு. கணக்குப் போட்டால் 10,000 ரூபாய் பழைய பாக்கி, இரும்பு விலை என்ற பெயரில் ஜாமீன்தாரரின் தலையில் ஏறுகிறது. அவரிடம் சொல்லவில்லை. அவர் பொறுப்பில்லை என்கிறது சட்டம்.

இரும்பை எடுத்துவிட்டு நண்டை வையுங்கள். பழைய கடன் விலைக்குள் ஒளிந்துகொள்கிற வித்தையை 1872-லேயே சட்டம் எழுதியவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. அந்த உதாரணத்தில் டன்னுக்கு 5 ரூபாய் போகப் போகப் பழைய கடனாவது குறையும். நம் கரையில் கழிவு போய்க்கொண்டே இருக்கும், கடன் அப்படியே கிடக்கும்.

கடன் கொடுத்தவர்களுக்குத் தெரியுமா என்ற கேள்விக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டில் இருந்தது. மச்சான் வருமானத்துக்கு ஆதாரமாகக் கொடுத்தது நண்டு கம்பெனிச் சிட்டைகளைத்தான். விரல் நீளத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் அந்தச் சீட்டு. தேதி, கிலோ, ரேட்டு, கடைசியில் 'க' என்று ஒற்றை எழுத்துப் போட்டு ஒரு தொகை. 'க' என்றால் கழிவு. கழிவு என்றால் அட்வான்ஸ். நம் மாவட்டத்துக் கடற்கரையில் கடன் கொடுத்து வசூலிக்கிற யாருக்கும் இது தெரியாமல் இருக்க முடியாது. அந்தச் சிட்டைகளின் நகல் அவர்கள் ஃபைலில் இருந்தால் வாதாடலாம் என்றார் வக்கீல். ஜெயித்துவிடலாம் என்று அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது பிறகு நானே தேடிப் படித்தபோது புரிந்தது.

ஜாமீன் வாங்குகிறவர் எல்லாவற்றையும் தானாக முன்வந்து சொல்ல வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. 1845-ல் ஹாமில்டன் எதிர் வாட்சன் என்று ஒரு வழக்கு, ஸ்காட்லாந்திலிருந்து, அப்போது பிரிட்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைக்குப் போனது. புதிதாக ஜாமீன் வாங்கிக் கொடுத்த பணம், கடன் வாங்கியவரின் பழைய வங்கிக் கடனை அடைக்கப் போய்விட்டது. எனக்கு வங்கி சொல்லவே இல்லையே என்றார் ஜாமீன்தாரர். அவர் வாதம் எடுபடவில்லை. இப்படியெல்லாம் சொல்லியாக வேண்டும் என்றால் எந்த வங்கியும் ஜாமீனை நம்பிப் பணம் கொடுக்க முடியாது என்று கேம்பல் பிரபு தீர்ப்பில் எழுதினார். இயல்பாக எதிர்பார்க்க முடியாத ஒன்று இரு தரப்புக்கும் இடையில் இருந்தால் மட்டுமே தானாகச் சொல்லும் கடமை உண்டு. மற்றதெல்லாம் ஜாமீன் போடுகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி வரியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பெரியப்பா கேட்டார். நிதி நிறுவனத்தில் கேட்கவில்லை. அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். கேட்க வேண்டிய கேள்வியை நம்பிக்கையான இடம் என்று நினைத்து என்னிடம் கேட்டுவிட்டார். கடன் வாங்கியவன் மறைத்தான், நான் மறைத்தேன் என்பதற்காக அந்த ஜாமீன் உடையாது. 142-ஆம் பிரிவும் 143-ஆம் பிரிவும் பார்ப்பது கடன் கொடுத்தவர் என்ன சொன்னார், என்ன மறைத்தார் என்பதைத்தான். பொய்யைச் சொன்னது வேறொருவராக இருந்தாலும், கொடுத்தவர் அதை அறிந்து சம்மதித்திருக்க வேண்டும்.

அப்படியானால் என் மௌனத்துக்குச் சட்டத்தில் பெயரே இல்லையா? இதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மோசடியைப் பற்றியது. வெறுமனே பேசாமல் இருப்பது மோசடி ஆகாது, ஆனால் பேச வேண்டிய கடமை இருக்கிற இடத்தில், அல்லது மௌனமே பேச்சுக்குச் சமமாகிற இடத்தில் அது மோசடி என்று அதன் விளக்கம் சொல்கிறது. கீழே ஒரு குதிரை வியாபாரம். "நீ மறுத்துச் சொல்லவில்லை என்றால் குதிரைக்குக் குறை இல்லை என்று எடுத்துக்கொள்வேன்" என்கிறார் வாங்குபவர். விற்பவர் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே மௌனம் பேச்சுக்குச் சமம்.

டீக்கடை பெஞ்சில் பெரியப்பா சொன்னதும் வார்த்தைக்கு வார்த்தை கிட்டத்தட்ட இதேதான்.

அந்தப் பிரிவு ஒப்பந்தம் செய்துகொள்கிற தரப்புகளைப் பற்றியது, நான் எந்தத் தரப்பிலும் இல்லை என்று ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒப்பந்தத்துக்கு வெளியே நின்று இன்னொருவரின் நாணயத்துக்கு வாக்குச் சொல்கிறவனையும் நீதிமன்றம் பிடித்திருக்கிறது. இங்கிலாந்தில் 1789-ல் பாஸ்லி எதிர் ஃப்ரீமன் வழக்கு. சிவப்புச் சாயம் எடுக்கிற காய்ந்த பூச்சி 16 மூட்டையைக் கடனுக்கு விற்பதற்கு முன், வாங்குபவர் நம்பத் தகுந்தவரா என்று ஃப்ரீமனிடம் விசாரிக்கிறார்கள். தகாதவர் என்று தெரிந்தே அவர் நம்பலாம் என்றார். அவருக்கு அதில் லாபம் ஏதும் இல்லை. லாபம் இல்லாவிட்டாலும், தெரிந்து சொன்ன பொய்யை நம்பி இன்னொருவர் நஷ்டப்பட்டால் சொன்னவர் பொறுப்பு என்று தீர்ப்பானது. பிற்பாடு 1828-ல், இப்படி வாக்குச் சொன்னவர் மேல் வழக்குப் போட வேண்டுமானால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று அங்கே சட்டமே வந்தது. டீக்கடை வாக்குகள் அந்த அளவுக்குப் பெருகியிருக்கும்போல.

என்னைத் தூங்கவிடாத வழக்கு 1831-ஆம் ஆண்டுடையது, கார்பெட் எதிர் பிரவுன். மகன் கடனுக்குச் சரக்கு வாங்குகிறான். தொழில் தொடங்க அவனுக்குச் சொந்தமாக 300 பவுன் இருக்கிறதா என்று வியாபாரிகள் அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். மகன் சொன்னது சரிதான், அந்தப் பணத்தை நானே கொடுத்தேன் என்று பதில் எழுதுகிறார் அப்பா. கொடுத்தது உண்மை. ஆனால் கொடுத்த அன்றே அதே 300 பவுனுக்கு மகனிடம் வட்டியோடு புரோநோட்டு எழுதி வாங்கியிருந்தார். அதைச் சொல்லவில்லை. சில மாதத்தில் மகன் திவால். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்ற சமாதானம் அந்த அப்பாவைக் காப்பாற்றவில்லை. மகனின் சொத்து என்று காட்டியது உண்மையில் அவன் அப்பாவுக்குப் பட்ட கடன்.

"நல்ல உழைப்பாளி. கட்டிருவான்." நான் சொன்னதிலும் பொய்யில்லை. என் நோட்டில் 38,000 இருந்தது.

பெரியப்பா வழக்குக்குப் போகவில்லை. எழுபது வயதில் வாய்தா வாய்தாவாக ராமநாதபுரத்துக்கு அலைய முடியாது என்றார். பேசி முடித்து 1,10,000 கட்டினார். பெரியம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார் வக்கீல். பணம் கட்டி முடித்த ஜாமீன்தாரர், 140-ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவரின் இடத்துக்கு வந்துவிடுகிறார். கொடுத்தவருக்கு வாங்கியவர் மேல் இருந்த உரிமை அத்தனையும் இவருக்கு வரும். 145-ஆம் பிரிவின்படி, முறையாகக் கட்டிய தொகையை வாங்கியவரிடம் கேட்டுப் பெறலாம். மச்சான் நீண்டகரையிலிருந்து இதுவரை 30,000 அனுப்பியிருக்கிறான். கோர்ட்டைக் காட்டி யாரும் மிரட்டவில்லை. அவன் கெட்டவனில்லை.

ரசீது வந்த வாரம் நான் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். 20,000 ரூபாயைத் திண்ணையில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். பணத்தை எடுத்து எண்ணினார். ரயில்வேயில் கவுண்டரில் இருந்த கை, நோட்டை மடிக்காமல் எண்ணும். எண்ணி முடித்துவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு டீக்கடையிலேயே தெரியுமா?"

"தெரியும் பெரியப்பா."

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன்டா. உன் மாமன் மகனாச்சே. ஐம்பதாயிரத்துக்கு மட்டும்னு எழுதிப் போட்டிருப்பேன்" என்றார்.

அப்படி எழுத முடியும். 128-ஆம் பிரிவிலேயே அதற்கு வழி இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய என்று சொல்கிற இடம் அதுதான். இவ்வளவு தொகைக்கு, இத்தனை மாதத்துக்கு மட்டும் என்று ஜாமீனுக்கு எல்லை போடலாம். அச்சடித்த படிவத்தை நீட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை, ஒத்துக்கொள்ளவும் தயங்குவார்கள். என்றாலும் கேட்கலாம். என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் உண்மை நிலவரம் வேண்டியிருக்கிறது. நான் பெரியப்பாவிடமிருந்து பறித்தது இதைத்தான்.

இப்போது ஒருவர் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டுகிற சிபில் அறிக்கை இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். ஜாமீன் கேட்டு வருகிறவனையே எடுத்து வந்து காட்டச் சொல்லலாம். வாங்கியவன் கட்டாமல் விட்டால் ஜாமீன் போட்டவரின் அறிக்கையிலும் அந்தக் கறை விழும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நம் கரைக் கடன்களில் பெரும்பகுதி எந்த அறிக்கையிலும் ஏறாது. கம்பெனி அட்வான்ஸ் ஏறாது. கைமாத்து ஏறாது. அடகுக்கடைச் சீட்டு, ஏலச்சீட்டுப் பாக்கி, என் கடை நோட்டு, எதுவும் ஏறாது. அவையெல்லாம் பக்கத்தில் இருக்கிறவர்களின் வாயில்தான் இருக்கின்றன. அதனால்தான் விசாரிக்கிறவர்கள் டீக்கடைக்கு வருகிறார்கள். அந்த வாய் மூடிக்கொண்டால் அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

பெண்களின் குழுக் கடனிலும் இதேதான் நடக்கிறது. ஒருத்திக்கு மற்ற நான்கு பேர் பொறுப்பு. அவளுக்கு வேறு இரண்டு குழுவில் கடன் இருப்பது ஒருத்திக்குத் தெரியும். முகத்துக்காகச் சொல்ல மாட்டாள். வாரத் தவணை நாளில் நான்கு பேரும் சேர்ந்து அழுவார்கள். கடல்பாசி எடுத்து வெயிலில் காயவைத்துச் சேர்த்த பணம் அது.

இன்னொருவன் கடனை ஊரில் சொல்லித் திரிவது தப்பில்லையா என்று என் மனைவி கேட்டாள். தப்புத்தான். ஒருத்தன் கஷ்டம் கடையில் பேச்சாகக் கூடாது. அதற்கு நான் கண்டுபிடித்த வழி ஒன்றே ஒன்று. என்னைக் கேட்கச் சொல்லி யாராவது ஆள் அனுப்பினால் முதலில் அவனிடமே கேட்கிறேன்: "உன் பாக்கியைச் சொல்லலாமா?" சம்மதித்தால் நோட்டைத் திருப்பிக் காட்டுவேன். இல்லை என்றால், விசாரிக்க வந்தவரிடம் "இவனைப் பத்தி நான் வாக்குச் சொல்ல மாட்டேன், நீங்க வேற இடத்துல கேட்டுக்குங்க" என்பேன். நல்லவன் என்ற ஒற்றைச் சொல்லைக்கூட அப்போது சொல்வதில்லை.

போன மாதம் தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். தம்பி முறையுள்ள ஒருவனுக்கு வலைக் கடனுக்கு ஜாமீன் போடப் போகிறாராம். அவன் ஏற்கெனவே கடைக்கு வந்து, "சொல்லுங்கண்ணே, ஒண்ணும் மறைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஆனால் நான் நோட்டைத் திருப்பி வைப்பேன் என்று அவன் நினைத்திருக்கவில்லை. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரி வரியாக நகர்த்தி, 14,600 என்ற கடைசித் தொகைவரை படித்தார். கழிவு எவ்வளவு, எந்தக் கம்பெனி என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை அவனிடமே சிட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன்.

பாதித் தொகைக்கு மட்டும் கையெழுத்துப் போட்டாராம். அவனுக்கு என் மேல் கோபம். பாக்கியைத் தவறாமல் யார் மூலமாவது கொடுத்தனுப்புகிறான், நூல் வாங்க மட்டும் மண்டபம் போகிறான்.